அந்தமான் சரித்திரம் எழுதிய ஆர்.சி. மஜும்தார்

ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் வரிசையில் நிற்கும் நம்மவர்கள் இன்றும் ஹேவ்லாக் என்றும் நீல் என்றும்தான் சொல்லி டிக்கெட் கேட்கிறார்கள். ஆனால் 2018 டிசம்பரிலேயே அந்தத் தீவுகள் சுவராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் என்று பெயர் மாறிவிட்டன. ராஸ் தீவு நேதாஜி பெயரைப் பெற்றது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் நகரமே ஸ்ரீ விஜய புரம் ஆயிற்று.

ஹேவ்லாக்கும் நீலும் யார்? 1857ல் வடக்கே எழுந்த கிளர்ச்சியை ஈவிரக்கமின்றி அடக்கிய ஆங்கிலேயத் தளபதிகள். இதில் நீல், சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்தவர். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவருடைய சிலையை அகற்றக் கோரி 1927ல் தமிழ்நாட்டுத் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றார்கள். 1937ல் ராஜாஜி முதன்மந்திரியான பிறகே அந்தச் சிலை வீதியிலிருந்து மியூசியத்துக்குப் போயிற்று. சிலை போய் 80 ஆண்டு கழித்துத்தான் தீவின் பெயர் போனது.

பெயரை மாற்றுவது ஓர் உத்தரவில் முடிந்துவிடும். அந்தப் பெயருக்குப் பின்னால் நடந்தது என்ன என்று எழுதுவது அத்தனை சுலபமல்ல. 1857ல் நடந்தது வெறும் சிப்பாய்க் கலகமா, நாட்டின் சுதந்திரப் போரா? விடுதலை பெற்ற ஒரு தேசத்தின் சரித்திரத்தை அரசாங்கம் எழுதலாமா, தனி ஆசிரியர்தான் எழுத வேண்டுமா? இந்தக் கேள்விகளில் தம் முதுமையைச் செலவிட்டு, பதவியையும் இழந்தவர் ஒருவர் உண்டு. இந்தத் தீவுகளின் தண்டனைக் குடியிருப்பைப் பற்றிய பெரிய நூலை எழுதியவரும் அவரே. ரமேஷ் சந்திர மஜும்தார் என்ற அவருடைய பெயரை நம் பிள்ளைகள் கல்லூரிப் பாடப் புத்தகத்தின் அட்டையில் பார்த்திருப்பார்கள். அவர் வாழ்க்கையை அறிந்தவர்கள் குறைவு.

பரீத்பூர் கிராமத்துப் பையன்

1888 டிசம்பர் 4ம் தேதி, கிழக்கு வங்காளத்தில் பரீத்பூர் ஜில்லாவில் கந்தர்பாரா என்ற கிராமத்தில் மஜும்தார் பிறந்தார். வசதியான குடும்பமல்ல. தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். கட்டாக் ராவன்ஷா கல்லூரியிலும் பிறகு கல்கத்தா பிரசிடென்ஸி கல்லூரியிலும் படித்து, 1911ல் எம்.ஏ. தேறினார். 1914ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அசுதோஷ் முகர்ஜி அந்தப் பல்கலைக்கழகத்தைப் பெரிதாக வளர்த்துக்கொண்டிருந்த காலம் அது.

இந்தியர்களுக்கு எக்காலத்திலும் சர்வாதிகார ஆட்சி மட்டுமே தெரியும், தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் பழக்கம் அவர்களுக்கு இருந்ததில்லை என்று ஆங்கிலேயச் சரித்திர ஆசிரியர்கள் எழுதிவந்தார்கள். வெள்ளையர் கை எடுத்தால் நாடு சிதறிவிடும் என்பது அதன் உட்பொருள். மஜும்தார் இதற்கு மேடையில் பதில் சொல்லவில்லை. பழைய இந்தியாவின் வணிகக் குழுக்கள், கிராம சபைகள், கணராஜ்யங்கள் ஆகியவற்றைப் பற்றிய சான்றுகளை ஒன்று சேர்த்து, 1918ல் ஒரு நூலாக்கினார். அதில் சோழர் காலக் கிராம சபைகளைப் பற்றிய தென்னாட்டுக் கல்வெட்டுகளுக்கும் இடம் உண்டு. ஊர்ப் பொறுப்பை ஊரார் கூடி நடத்திய ஏற்பாடு தமிழ்நாட்டில் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கும்போது, இந்தியருக்கு ஆளத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? டாக்டர் பட்டம் பெற்றுத் தந்த ஆராய்ச்சி அது. ஆனால் சுயராஜ்யம் கேட்ட தலைமுறைக்கு அதுவே ஓர் ஆயுதமாகவும் இருந்தது.

அடிமை நாட்டில் சரித்திரம் எழுதுகிறவன் நிலை அதுதான். ஆள்பவன் எழுதியதற்கு மறுப்பாக எழுதத் தொடங்குகிறான். மறுத்து மறுத்து, எங்கே உண்மை முடிந்து எங்கே பெருமை தொடங்குகிறது என்பது அவனுக்கே மங்கிவிடும் அபாயம் உண்டு. மஜும்தாரும் அதற்கு விலக்கல்ல.

1921ல் டாக்கா பல்கலைக்கழகம் தொடங்கியபோது சரித்திரப் பேராசிரியராகப் போனார். அங்கே 20 ஆண்டுகளுக்கு மேல். 1937 முதல் 1942 வரை துணைவேந்தர். அந்த நகரத்தில் ஹிந்து முஸ்லிம் கலவரங்கள் அடிக்கடி மூண்டன; 1941 கலவரம் நடந்தபோது அவர்தான் துணைவேந்தர். இரண்டு சமூகத்தாரும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழ்ந்தும் ஒட்டாமல் இருப்பதைக் கண்ணால் பார்த்தவர், பின்னாளில் எழுதியதில் அந்த அனுபவத்தின் கசப்பு தெரிகிறது என்பது என் எண்ணம்.

கடல் கடந்த ராஜ்யங்கள்

டாக்காவில் இருந்தபோதுதான் தென்கிழக்கு ஆசியாவின் பக்கம் அவர் கவனம் திரும்பியது. டச்சு, பிரெஞ்சு அறிஞர்கள் எழுதியவற்றையெல்லாம் படித்தார். 1927ல் சம்பா நாட்டைப் பற்றியும், 1937, 1938ல் சுவர்ணத்வீபத்தைப் பற்றி இரு பாகங்களும் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் இவரை அழைத்து, சர் வில்லியம் மேயர் சொற்பொழிவுகளைச் செய்யச் சொன்னது. அவை கம்போஜ தேசத்தைப் பற்றியவை. 1944ல் சென்னையிலேயே நூலாக வந்தன. அதே மேயர் சொற்பொழிவு வரிசையில்தான் நம் நீலகண்ட சாஸ்திரியார் ஸ்ரீவிஜயத்தின் சரித்திரத்தைச் சொல்லி, 1949ல் நூலாக்கினார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஸ்ரீவிஜயம் என்ற பெயர் இன்று நம் ஊர்ப் பெயர்ப் பலகையிலேயே ஏறிவிட்டது. சுமத்ராவைத் தலைமையிடமாகக் கொண்டு மலாக்கா ஜலசந்தியின் வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த கடலரசு அது. கி.பி. 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கப்பற்படை அனுப்பித் தாக்கியது அந்த அரசைத்தான். அவனுடைய மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களாகச் சொல்லும் வரிசையில் கடாரமும் வருகிறது, மாநக்கவாரம் என்று நிக்கோபாரும் வருகிறது. சோழருக்கும் அந்தக் கடலரசுக்கும் நடந்த போராட்டத்தை மஜும்தார் விரிவாகவே எழுதியிருக்கிறார். 2024ல் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டபோது, இத்தீவுகள் சோழப் பேரரசின் கடற்படைத் தளமாக விளங்கியவை என்றும் சொல்லப்பட்டது. வெற்றியைக் குறிக்கும் பெயர் என்பதும் சேர்ந்தே சொல்லப்பட்டது. சோழனை நினைவுகூரும்போது, சோழன் படையெடுத்த ராஜ்யத்தின் பெயர் காதில் விழுவது சரித்திரம் படித்தவர்களுக்கு ஒரு வேடிக்கைதான்.

மஜும்தாரின் அந்நாளைய நூல்களுக்குப் பொதுத் தலைப்பு, தூரக் கிழக்கில் பண்டைய இந்தியக் குடியேற்ற நாடுகள் என்பது. 1926ல் கல்கத்தாவில் தொடங்கிய விசால இந்தியச் சங்கத்தார் எல்லோருக்குமே அந்த எண்ணம் இருந்தது. வெள்ளையனுக்குக் குடியேற்ற நாடுகள் உண்டென்றால் நமக்கும் ஒரு காலத்தில் இருந்தன என்பது அடிமைப்பட்டவனுக்கு ஆறுதல். ஆனால் அது சான்றுக்குப் பொருந்தவில்லை. பிற்கால அறிஞர்கள் அந்தத் தேசத்தவரையே கதையின் நடுவில் வைத்துப் பார்த்தார்கள். ஜாவாக்காரரும் கெமர் மக்களும் சமஸ்கிருதத்தையும் சிவன், விஷ்ணு, புத்தர் வழிபாட்டையும் தங்கள் தேவைக்குத் தாங்களே வரவழைத்துக்கொண்டார்கள், இந்தியர் போய் ஆண்டதாகக் கொள்ள முடியாது என்பது இன்றைய முடிவு. சாஸனங்களைத் தொகுத்துத் தந்த அளவில் மஜும்தாரின் உழைப்பு இன்றும் பயன்படுகிறது. குடியேற்றம் என்ற சட்டகம் மட்டும் கழன்று விழுந்துவிட்டது.

அரசாங்கமும் ஆசிரியரும்

நாடு விடுதலை பெற்றது. பரீத்பூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. மஜும்தார் 1950ல் காசி ஹிந்து பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் கல்லூரியின் முதல்வரானார். கே.எம். முன்ஷியின் பாரதிய வித்யா பவன் ஏற்பாட்டில் 11 பாகங்களாக இந்திய மக்களின் சரித்திரத்தையும் பண்பாட்டையும் எழுதும் பெரும் பணிக்குப் பிரதம ஆசிரியரும் அவரே. முதல் பாகம் 1951ல் வந்தது.

அப்போது மத்தியக் கல்வி அமைச்சு ஒரு திட்டம் போட்டது. சுதந்திரப் போராட்டத்தின் அதிகாரபூர்வமான சரித்திரம் ஒன்று வர வேண்டும். அதற்கென ஓர் ஆசிரியர் குழு அமைந்தது. காங்கிரஸ் தலைவர் சையத் மஹ்மூத் தலைவர், மஜும்தார் இயக்குநர். மாகாணங்களிலிருந்தெல்லாம் ஆவணங்கள் வந்து குவிந்தன. முதல் பாகத்தின் நகலை எழுதும் வேலையும் தொடங்கிற்று. அங்கேதான் தகராறு.

எதில் தகராறு? சுதந்திரப் போராட்டம் எந்த ஆண்டில் தொடங்கியது என்பதிலேயே. பிளாசி யுத்தம் முடிந்த நாளிலிருந்து நாட்டில் வெள்ளையனை எதிர்த்து நடந்த ஒவ்வொரு சண்டையும் சுதந்திரப் போராட்டமே என்று ஒரு சாரார் கருதினார்கள். மஜும்தார் ஒப்பவில்லை. தன் ஜமீனுக்காகச் சண்டை போட்டவனும் தன் மதத்துக்காகச் சண்டை போட்டவனும் வீரனாக இருக்கலாம். ஆனால் இந்தியா என்ற ஒரு தேசம் தனக்குண்டு என்ற உணர்வு வந்த பிறகு நடந்ததைத்தான் தேசியப் போராட்டம் என்று சொல்ல முடியும் என்பது அவர் கட்சி. அந்த உணர்வு 19ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், படிப்பாலும் பத்திரிகையாலும் சங்கங்களாலும் வளர்ந்தது என்றார். ஹிந்துக்களும் முஸ்லிம்களும் வெள்ளையன் வருமுன் சகோதரராக வாழ்ந்தார்கள், அவன் வந்துதான் பிரித்தான் என்ற வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. அஹிம்சை ஒன்றே விடுதலை தந்தது என்பதையும் ஏற்கவில்லை. புரட்சிக்காரர்களுக்கும் நேதாஜியின் படைக்கும் உரிய பங்கைத் தர வேண்டும் என்றார்.

1955 இறுதியில் குழு கலைக்கப்பட்டது. பிறகு அந்த வேலை டாக்டர் தாரா சந்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு விசித்திரம் பாருங்கள். தாரா சந்தும் 1888ல் பிறந்தவர்தான். மஜும்தாரோ இரு சமூகத்தாரும் தனித்தனி நீரோட்டங்கள் என்று கண்டவர். தாரா சந்தோ இந்தியப் பண்பாட்டில் இஸ்லாம் கலந்த விதத்தைப் பற்றி இளமையிலேயே ஆராய்ச்சி நூல் எழுதிப் புகழ் பெற்றவர். ஒரே ஆண்டில் பிறந்து, ஒரே நாட்டின் ஆவணங்களைப் படித்த இருவர் கண்ட தேசம் ஒன்றல்ல. தாரா சந்தின் நூல் 1961 முதல் 1972 வரை 4 பாகங்களாக அரசு வெளியீடாக வந்தது. மஜும்தார் சும்மா இருக்கவில்லை. சொந்தப் பொறுப்பில் 3 பாகங்கள் எழுதி, 1962, 1963ல் வெளியிட்டுவிட்டார். அரசாங்கக் குழுவில் நடந்த கதையையும் அதில் ஒளிக்காமல் சேர்த்தார்.

அவர் வாதத்தில் நியாயம் எவ்வளவு, வீம்பு எவ்வளவு என்று இன்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் அரசாங்கம் ஒரு முடிவை முன்பே வைத்துக்கொண்டு சான்று தேடச் சொல்லலாகாது என்ற அவருடைய நிலை சரியானது. நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல இது. டச்சு ஆட்சி போன பிறகு இந்தோனேசியாவிலும் 1957ல் ஜோக்யகர்த்தாவில் அறிஞர்கள் கூடி, புதிய தேசத்துக்கான சரித்திரத்தை எப்படி எழுதுவது என்று விவாதித்தார்கள். பிரெஞ்சு அறிஞர் ரெனான் 1882லேயே பாரிஸில் ஒரு சொற்பொழிவில் இதைத் தொட்டிருந்தார். தேசம் உருவாகச் சில விஷயங்களை மறப்பதும் வேண்டியிருக்கிறது, அதனால் சரித்திர ஆராய்ச்சி முன்னேறும்போது தேசியத்துக்குச் சங்கடம் நேர்கிறது என்பது அவர் கருத்து.

1857: நூறாண்டு விழாவில் ஒரு மறுப்பு

1957ல் கிளர்ச்சியின் நூற்றாண்டு விழா நாடெங்கும் நடந்தது. அரசின் சார்பில் எஸ்.என். சென் எழுதிய நூல், மௌலானா ஆசாத்தின் முன்னுரையோடு வந்தது. அதே ஆண்டில் மஜும்தாரும் தம் நூலை வெளியிட்டார். விழாப் பந்தலில் கல் விழுந்த மாதிரி இருந்தது. 1857ல் நடந்ததை முதல் தேசிய சுதந்திரப் போர் என்கிறோமே, அது முதலாவதும் அல்ல, தேசியமும் அல்ல, சுதந்திரப் போரும் அல்ல என்பது அவர் முடிவு.

காரணங்களை அடுக்கினார். பஞ்சாபும் வங்காளமும் சென்னை மாகாணமும் எழவில்லை. சிப்பாய்களுக்குத் தங்கள் குறை. நானா சாஹிபுக்குத் தம் உபகாரச் சம்பளம். ஜான்சி ராணிக்குத் தம் ராஜ்யம். தில்லியில் பாதுஷாவின் மாளிகையிலிருந்தே வெள்ளையருக்குச் சமாதானத் தூது போயிற்று. பல ஊர்களில் கொள்ளையும் நடந்தது. ஆனால் இதோடு இன்னொன்றையும் அவர் சொன்னார், அதைப் பலர் கவனிக்கவில்லை. நடந்த கலகத்தைவிட அதன் நினைவு வெள்ளையனுக்கு அதிக ஆபத்தாயிற்று; பிற்காலத்துத் தேசபக்தர்கள் அந்த நினைவிலிருந்துதான் உரம் பெற்றார்கள் என்றார்.

1909ல் அதே 1857ஐச் சுதந்திரப் போர் என்று நூல் எழுதியவர் சாவர்க்கர். 1911ல் இங்கே செல்லுலார் சிறைக்குக் கொண்டுவரப்பட்டவர். நம் விமான நிலையம் அவர் பெயரில் இருக்கிறது. ஹிந்துப் பெருமை பேசும் ஆசிரியர் என்று மஜும்தாரைத் தள்ளுகிறவர்களும், அதற்காகவே அவரைக் கொண்டாடுகிறவர்களும், 1857 விஷயத்தில் அவர் சாவர்க்கருக்கு நேர் எதிரே நின்றதை மறந்துவிடுகிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் இந்த முதல் என்ற சொல்லுக்குப் போட்டி உண்டு. 1806 ஜூலை 10ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அதற்கும் முன்பு, 1800, 1801ல் மருது சகோதரர்கள் முதலானோர் நடத்திய கிளர்ச்சிதான் முதல் சுதந்திரப் போர் என்று பேராசிரியர் கே. ராஜய்யன் 1971ல் நூலே எழுதினார். அந்தக் கிளர்ச்சி அடங்கியதும் மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட 70க்கும் மேற்பட்டவர்களை வெள்ளையர் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். அந்தமான் தண்டனைத் தீவாவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு நடந்தது இது. மஜும்தாரின் அளவுகோலை வைத்தால் இவையும் தேசியப் போர் ஆகா. அளவுகோல் மிகக் கடுமையானதோ என்ற சந்தேகம் தமிழ் வாசகருக்கு எழுவது இயல்பு.

அவருக்குப் பின் வந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். 1980களில் எரிக் ஸ்டோக்ஸும் ருத்ராங்ஷு முகர்ஜியும் ஜில்லா ஜில்லாவாக வரிக் கணக்குகளையும் கோப்புகளையும் புரட்டி, அவத் பகுதியில் குடியானவர்களும் ஜமீன்தார்களும் சேர்ந்தே எழுந்ததைக் காட்டினார்கள். ரணஜித் குகா, வெள்ளையதிகாரி எழுதிய அறிக்கையையே எதிர்ப்பக்கமாகப் படித்து, எழுதப் படிக்கத் தெரியாத கிளர்ச்சிக்காரனின் மனத்தைத் தேடினார். இந்தோனேசியாவை ஆராய்ந்த பெனடிக்ட் ஆண்டர்சன், ஒரே மொழியில் ஒரே பத்திரிகையைத் தினமும் படிக்கும் முன்பின் தெரியாத லட்சம் பேர் தங்களை ஒரு சமூகமாக எண்ணத் தொடங்குவதை 1983ல் எழுதினார். தாய்நாட்டுக்கு 1,200 கிலோமீட்டருக்கு அப்பால் தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இவர்கள் கேட்கும் கேள்வி, அது தேசியமா இல்லையா என்பதல்ல. எப்போது, யார், எதற்காக அதைத் தேசியம் என்று நினைக்கத் தொடங்கினார்கள் என்பதே. நினைவைப் பற்றி மஜும்தார் சொன்ன அந்த ஒரு வார்த்தை இந்தப் புது வழிக்கு அருகில் இருப்பதைக் காணலாம்.

அவர் மீது கடுமையான குற்றச்சாட்டும் உண்டு. முஸ்லிம் ஆட்சிக் காலம் முழுவதையும் அந்நியர் ஆட்சியாகவே அவர் பார்த்தார், மதத்தையே சரித்திரத்தின் பிரிவினைக் கோடாக்கினார் என்று இளைய தலைமுறை ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். ரொமீலா தாப்பர், ஹர்பன்ஸ் முகியா, பிபன் சந்திரா மூவரும் 1969ல் வகுப்புவாதமும் இந்தியச் சரித்திரமும் என்ற பொருளில் ஒரு சிறு நூல் வெளியிட்டார்கள். அந்தக் கண்டனம் வலுவானது. 1857க்கு இந்தியா என்ற உணர்வு இல்லை என்று அளந்து பார்த்தவர், அதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஹிந்துக்கள் ஒரே தேசத்தவர் போல எழுதியது எப்படிப் பொருந்தும்?

86 வயதில் அந்தமான்

1975ல் மஜும்தாருக்கு வயது 86. அந்த ஆண்டில் அந்தமான் தண்டனைக் குடியிருப்பைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. வெளியிட்டது யார்? 20 ஆண்டுக்கு முன் எந்த அமைச்சின் கீழ் இருந்த குழு கலைக்கப்பட்டதோ அதே மத்தியக் கல்வி அமைச்சின் கெஸட்டியர் பிரிவு! எந்தக் கிளர்ச்சியைச் சுதந்திரப் போர் அல்ல என்றாரோ, அதில் பிடிபட்டவர்களின் கதையில்தான் அந்நூலின் விஷயம் தொடங்குகிறது.

1858 மார்ச் 10ம் தேதி, டாக்டர் ஜே.பி. வாக்கர் 200 கைதிகளோடு இந்தத் துறைமுகத்தில் வந்திறங்கினார். சாத்தம், ராஸ் தீவுகளில் காடு வெட்டும் வேலை. தப்பியோடிப் பிடிபட்டவர்களில் 80க்கும் மேற்பட்டோரை ஒரே நாளில் தூக்கிலிட்டார் வாக்கர். காட்டுக்குள் போனவர்கள் பசியாலும் அம்பாலும் மாண்டார்கள். பிறகு பல்லாண்டு வேலையில் ஊர் உருவாயிற்று. இன்று படகுகள் நிற்கும் ஃபீனிக்ஸ் பே கரையில் அன்று கைதிகள் உழைத்த பட்டறைகள் இருந்தன. 1872 பிப்ரவரி 8ல் ஹோப்டவுன் துறையில் வைஸ்ராய் மேயோ பிரபுவை ஷேர் அலி என்ற கைதி குத்திக் கொன்றான்.

தூத்நாத் திவாரியின் கதையை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1857ல் தண்டிக்கப்பட்ட சிப்பாய் இவர். 1858ல் தப்பியோடி, ஆதிவாசிகளிடம் அகப்பட்டு, உயிர் பிழைத்து, அவர்களோடு ஏறத்தாழ ஓராண்டு வாழ்ந்தார். 1859 மே மாதம் ஆதிவாசிகள் குடியிருப்பைத் தாக்கத் திட்டமிட்டபோது, திவாரி ஓடிவந்து வெள்ளையரிடம் சொல்லிவிட்டார். அபர்தீன் சண்டையில் ஆதிவாசிகள் தோற்றார்கள். திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது. இவரைச் சுதந்திர வீரர் பட்டியலில் வைப்பதா, காட்டிக்கொடுத்தவர் பட்டியலிலா? அம்போடு வந்த ஆதிவாசிகள் எந்த தேசத்துக்காகப் போராடினார்கள்? வெள்ளைக்காரனையும் கைதியையும் அவர்கள் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. இருவரும் அவர்கள் காட்டை அழித்தவர்கள். அபர்தீன் சண்டைக்கு நம் ஊரில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்த மக்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் சில பத்துப் பேரே.

இங்கே ஒரு பொதுத் தவறையும் திருத்திக்கொள்ள வேண்டும். 1857 கைதிகள் யாரும் செல்லுலார் சிறையில் அடைபட்டவர்கள் அல்லர். அந்தச் சிறையைக் கட்டத் தொடங்கியது 1896ல், முடிந்தது 1906ல். அதில் இருந்தவர்கள் பிற்காலத்துப் புரட்சிக்காரர்கள், பெரும்பாலும் வங்காளத்தவர், பஞ்சாபியர். கப்பலோட்டிய சிதம்பரனாரும் இங்கேதான் செக்கிழுத்தார் என்று சுற்றுலா வரும் தமிழர் பலர் நினைக்கிறார்கள். 1908ல் அவருக்கு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது உண்மை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயமுத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் இருந்து 1912 டிசம்பரில் அவர் விடுதலையானார்.

செல்லுலார் கைதிகள் விஷயத்தில் மஜும்தாருக்குத் தயக்கமே இல்லை. நாட்டின் விடுதலை என்ற தெளிந்த நோக்கத்தோடு வந்தவர்கள் இவர்கள் என்பதால், அவருடைய கடுமையான அளவுகோலிலும் தேறுகிறவர்கள். 1933 உண்ணாவிரதத்தில் மஹாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா மூவரும் உயிர் விட்டது, 1937ல் மறுபடியும் உண்ணாவிரதம் நடந்து கைதிகள் தாய்நாட்டுக்குத் திரும்பியது இவையெல்லாம் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அரசியல் கைதிகளின் பெயர்கள் சிறைச் சுவர்ப் பலகையில் இருக்கின்றன. கொலை, கொள்ளைக்குத் தண்டனை பெற்று வந்து, இங்கேயே மணம் செய்து, இந்த ஊரின் பழைய குடும்பங்களுக்கு மூதாதையரான ஆயிரக்கணக்கான சாதாரணக் கைதிகளுக்குப் பலகை இல்லை. அவர்களைப் பற்றிய ஆராய்ச்சி மஜும்தாருக்குப் பின்புதான் பெருகிற்று.

ஏழு சிறகுகளோடு கட்டப்பட்ட சிறையில் மூன்றே மிஞ்சியிருந்தன. அவற்றையாவது இடிக்காமல் காக்க வேண்டும் என்று முன்னாள் கைதிகள் விடாமல் போராடினார்கள். 1979 பிப்ரவரி 11ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் இங்கு வந்து, அதைத் தேசிய நினைவகமாக அர்ப்பணித்தார்.

அதற்குள் வித்யா பவன் வரிசையின் கடைசியாக எஞ்சிய பாகமும் 1977ல் வந்துவிட்டது. 62 வயதில் தொடங்கிய வேலையை 88 வயதில் முடித்தார் மஜும்தார். அவர் பிறந்த கந்தர்பாரா, பிரிட்டிஷ் வங்காளத்தில் இருந்து, 1947ல் பாகிஸ்தானாகி, 1971ல் பங்களாதேசம் ஆகியிருந்தது. ஒரே கிராமம் ஒரே ஆயுளில் மூன்று தேசப்படங்களில் இடம்பெற்றதைப் பார்த்தவர் அவர். சிறை நினைவகமாகி ஓராண்டு கழித்து, 1980 பிப்ரவரியில், 91ம் வயதில் கல்கத்தாவில் காலமானார்.